செம்பைக் காத்த இரும்பு

பள்ளி வேதியியலில் பொட்டாசியம் முதல் தங்கம் வரை நாம் மனனம் செய்த வினைதிறன் வரிசை, ஒருமுறை ஒரு கடற்படையையே குழப்பத்தில் ஆழ்த்தியிருக்கிறது.

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகடுகளால் போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களுக்கு எதிரான கவசம் அது. மேற்கிந்தியக் கடல்களில் உழன்று திரும்பிய கப்பலை 1763-இல் சோதித்தபோது, இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. தகடுகளைப் பொதிந்துவந்த பழுப்புத்தாள் நீக்கப்படாமல் இடையே தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் பழுதின்றி இருந்தன. இரு உலோகங்களும் கடல்நீரில் ஒன்றையொன்று தீண்டினால் அழிவது இரும்பே என்பதைக் காட்டிக்கொடுத்தது யாரோ ஒரு தொழிலாளியின் சோம்பல்தானோ என்னவோ!

ஆணிகளைப் பின்னர் செம்புக் கலவையில் செய்தார்கள். ஆனால் செம்பும் கடலில் மெல்லக் கரைந்தது; செலவு ஏறியது. கடற்படை ஹம்ப்ரி டேவியை நாடியது. அறுபதாண்டுகளுக்கு முன் விபத்தாக நேர்ந்ததையே அவர் 1824-இல் மருந்தாக்கினார். செப்புத் தகட்டோடு சிறிதளவு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தால் செம்பு கரைவது நின்றுவிடும் என்றார்.

எலக்ட்ரான் என்ற சொல்லே அன்று இல்லை. இன்றைய மொழியில் கூறுவதானால், வரிசையில் மேலே நிற்கும் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது, அது ஆக்ஸிஜனேற்றம். அந்த எலக்ட்ரான்கள் செம்பின் பரப்பை அடைந்து, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை ஒடுக்குகின்றன. ஒடுக்கத்துக்கு இடம் தருவதோடு செம்பின் வேலை முடிந்தது.

'சமராங்' முதலிய கப்பல்களில் வார்ப்பிரும்புக் காப்புகள் பொருத்தப்பட்டன. செம்பு பளபளவென்று பிழைத்தது. கூடவே பாசியும் ஓட்டுடலிகளும் அதன்மீது குடியேறின. கப்பல்களின் வேகம் குறைந்தது. அவ்வுயிர்களை அதுவரை விரட்டிவந்தது, கரைந்துகொண்டிருந்த செம்பின் நஞ்சு. எது கரையும் என்பதை வரிசை சரியாகவே சொன்னது. கரைவதால் என்ன பயன் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குத் தெரிந்திராது. டேவியை எள்ளியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்ததாகத் தோன்றவில்லை.

1825-இல் காப்புகளை அகற்ற ஆணை வந்தது. டேவி 1829-இல் ஜெனீவாவில் காலமானார். எஃகுக் கப்பல்கள் வந்தபின் அவரது முறை மீண்டது. இன்று கப்பலின் எஃகு உடலைக் காக்கத் துத்தநாகக் கட்டிகள் கரைகின்றன. கடலுயிர்களை விரட்ட, அடிப்புறச் சாயத்தில் செம்பின் ஆக்ஸைடைக் கலக்கிறார்கள்.