அமெரிக்க அரசில் தொழிலுறவு வல்லுநர் ஊதியம்

அமெரிக்க ஒன்றிய அரசின் துறைகள் சார்பில் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் பேசுவோர் தொழிலுறவு வல்லுநர்கள். ஊழியர்களின் முறையீடுகளைக் கையாள்வதும், வழக்கு நடுவரிடம் போனால் துறைத் தரப்பை எடுத்துரைப்பதும் இவர்கள் வேலைதான். அந்நாட்டில் இத்தொழிலில் இருப்போரில் பெரும்பாலோர் தொழிற்சங்கங்களிலேயே பணியாற்றுகின்றனர். அரசில் இருப்போர் சிறுபான்மையினர்.

இவர்களுக்கு முன்பே ஊதிய அட்டவணை வந்துவிட்டது. 1853இல் வாஷிங்டன் எழுத்தர்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கு 900 முதல் 1,800 டாலர் வரை சம்பளம் பெற்றனர். ஒரே வகை வேலைக்கு ஒரே ஊதியம் என்ற நெறி 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. இன்றைய ‘பொது அட்டவணை’ 1949இல் உருவானது.

தொழிலுறவு வல்லுநர் பதவிக்கு உண்மையான தேவை 1962 ஜனவரி 17க்குப் பிறகே எழுந்தது. தொழிலாளர் துறைச் செயலர் ஆர்தர் கோல்ட்பர்க் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, ஒன்றிய அரசு ஊழியர் சங்கங்களுக்குப் பேச்சுவார்த்தை உரிமை தரும் ஆணையை அதிபர் கென்னடி அன்று பிறப்பித்தார். சங்கங்கள் ஒரு பக்கம் அமர்ந்ததும் மறுபக்கம் அமர ஆள் வேண்டியிருந்தது. ஆனால் பெரும்பாலான ஊழியர்களின் சம்பளம் பேச்சுக்கு உட்படவில்லை. அது நாடாளுமன்றத்தின் அதிகாரம். 1970 மார்ச் வேலைநிறுத்தத்துக்குப் பின் அஞ்சல் ஊழியர்கள் மட்டும் சம்பளத்தையும் பேசும் உரிமை பெற்றனர்.

1978ஆம் ஆண்டுக் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சட்டம் சங்க உரிமைகளுக்கு நிலையான சட்ட வடிவம் கொடுத்தது. அதே சட்டம், எழுத்தர் நிலைக்கு மேற்பட்ட பணியாளர் நிர்வாகப் பணியில் இருப்போரைப் பேச்சுவார்த்தைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. தொழிலுறவு வல்லுநர்களும் அதில் அடங்குவதால், மற்றவர்களின் பணி நிலைமைகள் குறித்து நாள்முழுதும் வாதாடும் இவர்களுக்காகப் பேச ஒரு சங்கமும் இல்லை. இரு தரப்புக்கும் ஒருசேர விசுவாசமாக இருக்க முடியாது என்பதால் இந்த விலக்கு நியாயமே. ஆயினும் அதன் சுமை முழுவதும் இவர்கள் தலையில் விழுகிறது. ஈடாக ஊதியத்தில் தனிச் சலுகை எதுவும் சேர்க்கப்படவில்லை.

பொது அட்டவணையில் 15 தரநிலைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 10 கட்டங்கள். முதற்கட்டத்திலிருந்து பத்தாம் கட்டத்தை எட்ட 18 ஆண்டுகள் ஆகும். தேர்ந்த தொழிலுறவு வல்லுநர் பெரும்பாலும் 12 அல்லது 13ஆம் தரநிலையில் இருப்பார். 2024இல் 12ஆம் தரநிலையின் தொடக்க அடிப்படை ஊதியம் 74,441 டாலர்.

பெரும்பாலோருக்கு அந்தத் தொகை மட்டும் அப்படியே கிடைப்பதில்லை. தனியார் துறையோடு ஒப்பிடத்தக்க ஊதியம் தரவேண்டும் என்ற கொள்கை 1962லேயே ஏற்கப்பட்டாலும் இடைவெளி அகலவே செய்தது. அதைக் குறைக்க 1990இல் ஒரு சட்டம் வந்து, 1994 முதல் வட்டாரத்துக்கேற்ற கூடுதல் ஊதியம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அதே தொடக்க நிலை அலுவலருக்கு 2024இல் வாஷிங்டனில் 99,200 டாலரும் சான்பிரான்சிஸ்கோவில் 108,245 டாலரும் கிடைத்தன. சட்டம் குறித்த அளவுக்கு இடைவெளி இன்னும் குறையவில்லை. அதிபர்கள் ஆண்டுதோறும் மாற்றுத் திட்டம் அறிவித்துக் குறைந்த உயர்வையே கொடுத்துவருகின்றனர்.

இப்பதவிக்குத் தேவையை உருவாக்கிய சங்க உரிமைகளும் பின்னர் கட்டுப்படுத்தப்பட்டன: 2025 மார்ச் 27இல் அதிபர் டிரம்ப், தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பல துறைகளைக் கூட்டுப்பேரச் சட்டத்திலிருந்து விலக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்துச் சங்கங்கள் நீதிமன்றம் சென்றன.