யாழ்ப்பாணத்துச் சைக்கிள்: தடைக் காலங்களில் எங்களைச் சுமந்த வண்டி

அரச படிவங்களில் அது துவிச்சக்கரவண்டி. எங்கள் வாயில் எப்போதும் சைக்கிள்தான். யாழ்ப்பாண நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சைக்கிளை விட்டுவிட்டு விளக்க முடியாது என்பது என் எண்ணம். அதனால் எங்கள் வாழ்க்கையில் அதற்கு இருந்த இடத்தை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நிலமும் காற்றும்

குடாநாடு தட்டையான சுண்ணக்கல் நிலம். மலையோ மேடோ இல்லாததால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். இங்கு ஓடுபவருக்கு ஏற்றம் என்பது சோளகக் காற்றுத்தான். காற்று எதிராக வீசும் நாளில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். கார் நுழைய முடியாத ஒழுங்கைகளுக்கும் சைக்கிள்தான் பொருத்தம். ராலே, ஹம்பர் வண்டிகளைத் தகப்பனிடமிருந்து மகன் வாங்கி ஓடிய வீடுகள் பல. பின்னர் லுமாலா பரவலானது. பிள்ளை முன் பாரில், மனைவி கரியரில், சாமான் பை ஹாண்டிலில் என்று ஒரு குடும்பமே ஒரு சைக்கிளில் போய்வந்தது.

தடைக் காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. கையில் கொஞ்சம் பெற்றோல் உள்ளவர்கள் அதை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். மற்ற எல்லோருக்கும் சைக்கிள்தான். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும், விறகு மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதுவே. ரயர் வெடித்தால் பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்து ஓடினோம். ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன.

செய்தி கேட்கவும் சைக்கிள் உதவியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். பின்சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பாடும். டைனமோ தருவது சுமார் 6 வோல்ட் மாறுமின். வானொலிக்கு நேர்மின் வேண்டும் என்பதால் இடையில் டயோட் பொருத்தினார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிவிடும். பக்கத்து வீட்டாரும் வந்து சுற்றிலும் குந்தியிருந்து கேட்பார்கள்.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பின் வன்னிக்குப் போக கொம்படி, ஊரியான் வெளிகளில் தண்ணீருக்குள்ளால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னர் கிளாலியில் படகில் ஏற்றிக் கடந்தார்கள். அந்தக் கடலில் கொல்லப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

தள்ளிய நாட்கள்

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி எழுந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளில் ஏறி ஓட இடம் இருக்கவில்லை. பாரில் உடுப்பு மூட்டை, கரியரில் முதியவர் என்று வைத்து மழையில் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். 1996இற்குப் பின் நகரம் சோதனைச் சாவடிகளால் நிறைந்தது. ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அதே விதிதான்.

2009இல் வன்னி மக்கள் கடைசிவரை தள்ளிவந்த சைக்கிள்களை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வெறுங்கையுடன் வெளியேறினார்கள். போர் முடிந்த பின்னும் அங்கே சைக்கிள்கள் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. மீளக்குடியேறியவர்களுக்கு முதலில் கிடைத்த உதவிகளில் தகரம், மண்வெட்டியோடு சைக்கிளும் இருந்தது. பாடசாலையும் வைத்தியசாலையும் தூரத்தில் இருந்த கிராமங்களில் அதன் பெறுமதி பெரிது.

நகரத்து வழக்கங்கள்

பெண்கள் சைக்கிள் ஓடுவது யாழ்ப்பாணத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத விடயம். வெள்ளைச் சீருடையில் மாணவிகள் கூட்டமாகப் போவது எங்கள் காலைக் காட்சி. குடும்பத் தலைவரை இழந்த வீடுகளில் தாய்மார் வேலைக்குப் போனதும் இந்தச் சைக்கிள்களில்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகள் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாக மாறும். இலக்கத் துண்டின் ஒன்று வண்டிக்கு, மற்றது எங்கள் கைக்கு.

இன்று

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது கொழும்பிலும் சைக்கிள் தேடினார்கள், விலையும் பல மடங்கு ஏறியது. இங்கே மூலையில் கிடந்தவற்றைத் துடைத்து, காற்றடித்து எடுத்தோம்.

இப்போது வீதிகள் அகன்று வழுவழுப்பாகிவிட்டன. வாகனங்களின் வேகமும் கூடிவிட்டது. சைக்கிளுக்கென்று தனிப் பாதை இல்லை. கரையால் போகும் முதியவரும் மாணவியும்தான் முதலில் அடிபடுகிறார்கள். தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் எடுக்காதவன் வசதியற்றவன் என்ற நினைப்பும் வந்துவிட்டது.

நகரசபையும் வீதி அமைப்போரும் பாடசாலைகளைச் சுற்றியாவது சைக்கிள் பாதை ஒதுக்க வேண்டும். நாங்கள் செய்யக்கூடியவையும் உண்டு: இரவில் விளக்கும் பின்னால் ஒளிதெறிப்பானும் பூட்டுங்கள், பிரேக் கட்டையைத் தேய முன் மாற்றுங்கள், பிள்ளைக்கு ஒட்டுப்போடவும் பழக்குங்கள். எரிபொருள் மறுபடி எப்போது நிற்கும் என்று எங்களில் எவருக்கும் சொல்ல முடியாது.