பத்தியமும் பழியும்

திருவண்ணாமலையில் பத்தியம் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடிக்கும்போதே "புளி, கத்திரிக்கா, கருவாடு ஆகாது" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். மருந்து பாதி, பத்தியம் பாதி. நோய் தீரவில்லை என்றால் யாரும் மருந்தைக் கேள்வி கேட்பதில்லை. "பத்தியம் ஒழுங்கா இருந்தீங்களாம்மா?" என்று வீட்டுப் பெண்ணைத்தான் கேட்பார்கள்.

என் அக்கா மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதன்பின் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வழி இருந்தது. ஒன்பது பௌர்ணமி கிரிவலம் போ, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு, மெட்ராஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. கடைசியாகப் போன ஓரிடத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். கோதுமை கூடாது, பாலும் பாலில் செய்ததும் கூடாது, ஆறு மாதத்தில் பேச்சு வரும். அந்தத் தாள் எங்கிருந்து புறப்பட்டு எங்கள் ஊர் வரை வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

உணவை மாற்றி மூளையைக் காப்பாற்றலாம் என்பது வெறும் மூடநம்பிக்கை அல்ல. நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாயின் இரண்டு குழந்தைகளுக்கும் மனவளர்ச்சி குன்றியிருந்தது. பிள்ளைகளிடம் ஏதோ விசித்திரமான வாடை வருகிறதே என்று அவர் மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். புரத உணவில் உள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கையாள முடியாத பிறவிக் குறை அவர்களுக்கு இருப்பது அந்த ஆய்வின் வழியாகத் தெரியவந்தது. இன்று அதன் பெயர் ஃபினைல்கீட்டோனூரியா.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் இதே குறை உள்ள ஒரு பெண்குழந்தைக்கு அந்த அமிலம் குறைந்த உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பின்னாலும் ஒரு தாயின் பிடிவாதம் இருந்தது. ஏதாவது செய்யுங்கள் என்று அவர் நாள்தோறும் ஆய்வகத்தின் முன் வந்து நின்றார். குழந்தை தவழ்ந்தது, நின்றது. ஆனால் உணவுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? தாய்க்குத் தெரியாமல் அந்த அமிலத்தை மறுபடி உணவில் கலந்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். ஒரே நாளில் குழந்தை பின்னுக்குப் போய்விட்டது. கலந்தது தெரியாத தாயின் கண்ணுக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது.

ஆட்டிசத்தின் கதையில் தாய்க்கு இப்படிப்பட்ட இடம் கிடைக்கவில்லை. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். அவனுடைய அப்பா மகனைப் பற்றி 33 பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கேனர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். கூடவே, பெற்றோர்கள் இத்தனை விவரமாகக் குறிப்பு வைத்திருப்பதே அவர்களுடைய மனப்போக்குக்குச் சான்று என்றும் எழுதினார்.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் குறிப்பு பெரும் பழியாக வளர்ந்தது. தாயிடம் பாசச்சூடு இல்லாததால்தான் குழந்தை உள்ளே சுருங்கிவிட்டது என்றார்கள். 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று ஒரு பட்டமும் வந்தது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் இதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லாண்ட் மறுப்பு எழுதிவிட்டார். அவர் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர். அவர் மகனுக்கும் ஆட்டிசம். இது வளர்ப்பின் கோளாறு அல்ல, உடலோடும் மூளையோடும் பிறந்த விஷயம் என்றார். 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் கேனரே பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

பழி நீங்கிய அதே வாசல் வழியாகத்தான் உணவும் உள்ளே வந்தது. காரணம் உடலில் இருக்கிறது என்றால் உடலைத் திருத்தலாமே! ரிம்லாண்டே பி6 வைட்டமினை அதிக அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தார். 1979இல் யாக் பாங்க்செப் ஆட்டிசத்துக்கும் மூளையில் ஓபியம் போலச் செயல்படும் பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றொரு கருத்தை முன்வைத்தார். கோதுமையின் குளூட்டனும் பாலின் கேசினும் சரியாகச் செரிக்காமல் அப்படிப்பட்ட பொருள்களாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன என்று பிறகு விரித்தார்கள். 1990களில் அது சமையல் புத்தகமாகிவிட்டது. அக்கா கையில் கொடுத்த தாள் அதன் பேரப்பிள்ளை.

நம்மூர்ச் சமையலறையில் கோதுமையை விடுவது பாதி சுலபம். இட்லி இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, ஜவ்வாது மலைச் சாமை இருக்கிறது. பால்தான் கஷ்டம். அவன் மனமொப்பிச் சாப்பிட்டவை இரண்டே: தயிர்சாதமும் பிஸ்கட்டும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு உணவின் மணமும் பதமும் பெரிய விஷயம். பழகியதை எடுத்தால் வேறெதையும் தொடமாட்டார்கள். அவனும் தொடவில்லை, எடை குறைந்தான். பால் இல்லாத உணவில் கால்சியத்தைக் கவனிக்காவிட்டால் எலும்பும் மெலியும்.

ஆறு மாதம் கழித்து, பேச்சு வரவில்லை என்று அக்கா போய்ச் சொன்னாள். பெருங்காயம் எது வாங்குறீங்க என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பது வழக்கம், அதிலும் போட்டிருந்தது. "நான்தான்டா கெடுத்துட்டேன்" என்றாள். சாம்பாரில் போட்ட ஒரு சிட்டிகையால் பிள்ளை பேசவில்லை என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள்.

பர்மிங்காமில் நடந்தது போன்ற சோதனையை, இம்முறை பெற்றோர் சம்மதத்தோடு, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்திருக்கிறார்கள். 2016இல் முடிவு வெளியானது. குளூட்டனும் கேசினும் இல்லாத உணவில் இருந்த 14 குழந்தைகளுக்கு இடையிடையே அவற்றை மறைத்துவைத்த தின்பண்டம் கொடுத்தார்கள். எதில் எது இருக்கிறது என்று பெற்றோருக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தையிலோ தூக்கத்திலோ வயிற்றிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு சிட்டிகை மாவு பேச்சைத் தடுக்கும் என்றால் இங்கே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

செக்ரிட்டின் கதை இன்னும் துல்லியமானது. 1998இல், இந்தச் செரிமான ஹார்மோன் ஊசியைப் போட்டபின் பிள்ளைகள் பேசினார்கள் என்று செய்தி பரவி, பெற்றோர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். வெறும் உப்புநீர் ஊசியைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரிட்டினில் ஆர்வம் குறையவில்லை என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட எதையாவது செய்வது ஒரு தாய்க்கு எவ்வளவு ஆறுதல் என்பதை வீட்டிலேயே பார்த்தவன் நான்.

அந்த ஆறுதலுக்கு விலை உண்டு. 2005இல் அமெரிக்காவில் உடலிலிருந்து உலோகத்தை நீக்கும் மருந்தை ஏற்றியபோது ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். இங்கே லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஏற்றினார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் சொன்னது.

வயிற்றைக் கவனிக்கவே வேண்டாம் என்பதல்ல. மலச்சிக்கலோ பால் ஒவ்வாமையோ இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். வலி தீர்ந்த பிள்ளை நன்றாகத் தூங்கும், அடம் குறையும். அது ஆட்டிசத்துக்கான மருந்து அல்ல, வயிற்றுக்கான மருந்து. மற்றபடி பேச்சுப் பயிற்சி, படத்தைக் காட்டித் தேவையைச் சொல்லும் பழக்கம், ஆக்குபேஷனல் தெரபி எல்லாமே மெதுவாக நடப்பவை. தமிழில் யெஸ். பாலபாரதி போன்ற ஒரு தகப்பன் இதையெல்லாம் நிதானமாக எழுதியும் வைத்திருக்கிறார்.

என் அக்கா மகன் மறுபடி தயிர்சாதம் சாப்பிடுகிறான். தயிர்க்கிண்ணம் வரைந்த அட்டையை எடுத்துவந்து அம்மா கையில் வைப்பான். வாய்ப்பேச்சு ஏழெட்டுச் சொற்கள்.

புதிதாக ஒரு தாளை யாராவது நீட்டினால் அக்கா இப்போது ஒன்றுதான் கேட்கிறாள்: "இது பலிக்கலைன்னா எதை வச்சு நிறுத்தணும்னு முடிவு பண்றது?" பதிலாக ஒரு தேதியோ அளவோ சொன்னால் உட்கார்ந்து கேட்கிறாள். நீங்க ஒழுங்கா கடைப்பிடிச்சா பலிக்காம போகாது என்றால், பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.