ஒரு நூல், பல பிரதிகள்: நூற்பட்டியல் சுமக்கும் அமானிதம்

கெய்ரோவில் பாத்திமிய ஆட்சியாளர் அல்-அஜீஸ் (ஆட்சி: ஹிஜ்ரி 365 - 386, கி.பி. 975 - 996) அவையில் ஒருநாள் கலீல் இப்னு அஹ்மதின் ‘கிதாபுல் ஐன்’ என்னும் அகராதியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. உடனே அவர் நூலகக் காப்பாளர்களுக்கு ஆணையிட, அவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட பிரதிகளைக் கொண்டுவந்து வைத்தனர். அவற்றுள் ஒன்று கலீலே தம் கைப்பட எழுதியது. மற்றொரு சமயம் இமாம் தபரீயின் வரலாற்று நூலை நூறு தீனாருக்கு வாங்கி வந்து ஒருவர் காட்டினார். அரண்மனை நூலகத்திலிருந்தோ இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் வெளிவந்தன. அவற்றிலும் ஒன்று ஆசிரியரின் கையெழுத்திலேயே இருந்தது. முஸப்பிஹி கூறியதாக மக்ரீஸி தம் ‘கிதத்’ நூலில் இச்செய்திகளைப் பதிந்துள்ளார்.

இதில் நாம் வியக்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமன்று. முப்பது பிரதிகளுக்கும் பெயர் ஒன்றே. பெயரை மட்டும் எழுதி, எதிரே ‘முப்பது’ என்று குறித்திருந்தால் கலீலின் கைப்பிரதி அந்த எண்ணுக்குள் மறைந்திருக்கும். நூல் வேறு, பிரதி வேறு என்னும் இந்த நுட்பமே நூற்பட்டியல் கலையின் உயிர்நாடி எனலாம்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பக்தாதின் இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ நூலை எழுதியபோது, கவிஞர்களின் திவான்கள் எத்தனை ஏடுகள் கொண்டவை என்பதையும் குறித்தார். ஏடு என்றால் எந்த அளவு? ‘சுலைமானீ’ என்னும் வகைத் தாள். பக்கத்துக்கு இருபது வரி என்று அளவுகோலையும் அவரே வகுத்துத் தந்தார். நூல் தேடுவோர் தம் கைக்கு வந்த பிரதி நிறைவானதா, குறையுடையதா என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் திமிஷ்கில் அக்கலை மேலும் செழித்தது. ஐயூபிய மன்னர் அல்-மலிக்குல் அஷ்ரஃப் மூஸா (இறப்பு: ஹிஜ்ரி 635; கி.பி. 1237) அடங்கிய மண்டபத்தில் ஒரு நூலகம் இருந்தது. 1270களில் எழுதப்பட்ட அதன் பட்டியல் இன்று இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் காக்கப்படுகிறது. கொன்ராட் ஹிர்ஷ்லர் 2016இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் முதலில் பெயரின் முதலெழுத்தாலும், பின்னர் பெரியது சிறியது என்னும் அளவாலும், அதன்பின் பொருளாலும் வகுக்கப்பட்டுள்ளன. ஒரே நூலுக்குப் பல பிரதிகள் இருப்பின் ‘இரண்டாம் பிரதி’, ‘மூன்றாம் பிரதி’ என அவை தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன.

ஏறத்தாழ அதே காலத்தில் அதே நகரில் ஷரஃபுத்தீன் யூனீனீ (ரஹ்) (இறப்பு: ஹிஜ்ரி 701) ஸஹீஹுல் புகாரியின் நம்பகமான பழம்பிரதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இலக்கண மேதை இப்னு மாலிக் (ரஹ்) அவருக்குத் துணைநின்றார். எந்தப் பிரதியில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்பதை யூனீனீ ஒவ்வொரு பிரதிக்கும் உரிய குறியெழுத்தால் காட்டினார். பிரதிகளை ஒன்றாக்கிவிடவில்லை, ஒவ்வொன்றையும் ஒரு சாட்சியாக நிற்கவைத்தார். ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணைப்படி பூலாக்கில் அச்சான பதிப்பு அக்குறிகளையும் தாங்கி வந்தது.

இன்று நூலகங்கள் பொதுவான பட்டியல் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901இல் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1971இல் ஒஹாயோவில் இப்பணி கணினிக்கு மாறியது. ஒரு நூலகம் எழுதிய விவரப் பதிவின்கீழ் மற்றொன்று தன் பிரதியைச் சேர்த்துக்கொள்கிறது. உழைப்பு மிச்சமாகிறது; தேடுவோர்க்கும் நன்மை. ஆயினும் சேர்ப்பவர் ஒருகணம் நின்று பார்க்க வேண்டும். பூலாக் மூலப்பதிப்பும், பின்னாளில் அதனைப் படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்பும் முகத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கட்டில் பல கிதாபுகள் சேர்ந்த ‘மஜ்மூஆ’வில் முதல் நூலின் பெயர் மட்டும் பதிவாகி, எஞ்சியவை உயிரோடு புதைவதும் உண்டு. கையெழுத்துப் பிரதியானால் எழுதியவர் பெயர், ஆசிரியர் முன் ஓதிக்கேட்டதற்கான ‘ஸமாஉ’ச் சான்று, வக்ஃபுக் குறிப்பு ஆகியவை அந்தப் பிரதிக்கே உரியவை. அவற்றைப் பொதுப் பதிவில் எழுதினால் பிறர் பிரதிக்கும் அவை பொய்யாய் ஒட்டிக்கொள்ளும்; எழுதாமல் விட்டாலோ என்றென்றைக்கும் மறைந்துபோகும். எனவே நூலுக்குப் பொதுவானதைப் பொதுப் பதிவிலும், பிரதிக்கு உரியதைப் பிரதியின் பதிவிலும் எழுதுவதே முறை.

நம் அரபுக் கல்லூரி நூலகங்களும் கணினிப் பட்டியல் நோக்கி நகர்ந்துவரும் இவ்வேளையில் இது நமக்கும் உரிய பாடம். ஒரு பழைய கிதாபின் முதல் ஏட்டில் மங்கிய மையில், “இது மாணவர்களுக்காக வக்ஃபு செய்யப்பட்டது” என்று யாரோ எழுதிவைத்திருக்கலாம். ‘இந்நூல் ஏற்கெனவே பட்டியலில் உள்ளது’ என்று எண்ணை மட்டும் கூட்டிவிட்டு அதனை அலமாரியில் வைத்துவிட்டால், வக்ஃபு செய்தவரின் எண்ணமும் அத்துடன் மூடப்பட்டுவிடும். பிரதியைத் திறந்து பார்த்துப் பதிவது சில நிமிட வேலைதான். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதும் அதுவே.