கம்பம் பள்ளத்தாக்கின் தைப்பொங்கலும் சிறார்க்கு நன்றி பயிற்றலும்

தைப்பொங்கலின் தொன்மையைக் குறித்து ஆண்டுதோறும் நம் திங்களிதழில் கட்டுரைகள் வெளிவருகின்றன. ஞாயிற்றின் வடதிசைச் செலவும், உழவின் மேன்மையும், மாட்டின் பெருமையும் அறிஞர் பலரால் விரித்துரைக்கப்பட்டன. ஆதலின் அவற்றை மீண்டும் கூறுதல் மிகையாம். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் சிறிது. தேனி முதல் கூடலூர் வரை கிடக்கும் இப்பள்ளத்தாக்கில், பொங்கற்கு முன்னர் வீடுதோறும் நிகழும் ஆயத்தங்களிற் சிறுவரும் சிறுமியரும் கையாற் செய்யும் தொழில்கள் எவை, அவற்றின் வழியே அவர் யார்க்கு நன்றி செலுத்தக் கற்கின்றனர், அந்நன்றி மெய்யான வரலாற்றின்மேல் நிற்கின்றதா என்பதே அது.

மார்கழி பிறந்த நாள்முதல் பெண்மக்கள் வைகறையில் வாயில் தெளித்துக் கோலமிட்டுச் சாணவுருண்டையிற் பூசணிப்பூவைச் செருகி வைப்பர். திங்களின் கடைசி வாரம் சுண்ணாம்பிற்குரியது. நீற்றிய சுண்ணாம்பை மிடாவில் ஊறவைத்து, தென்னை மட்டையை நைத்துச் செய்த மட்டையாற் சுவருக்கு வெள்ளையடிப்பர். தூரிகை வாங்குவார் இப்பொழுது மிகுதி. மட்டை நைக்கத் தெரிந்த சிறுவர் அரியர். மார்கழிக் கடைநாளிற் காப்புக் கட்டுவர். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை இம்மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறப்பிலும் கொட்டிலிலும் வயலின் மூலையிலும் கட்டுதல் வழக்கம். சிறுபீளையைக் கண்ணுப்பீளை எனவும் கூரைப்பூ எனவும் ஊருக்கு ஊர் வேறு பெயரால் வழங்குவர். முற்காலத்திற் சிறார் கூட்டமாகக் கரட்டுப் பக்கம் சென்று பறித்து வந்தனர். இந்நாளிற் கட்டாகவே கடைத்தெருவில் விலைக்குக் கிடைக்கின்றது. பறிக்கச் சென்ற பிள்ளைக்குச் சிறுபீளை எம்மண்ணில் முளைக்கும், ஆவாரை எப்பொழுது பூக்கும் என்பன தெரிந்திருந்தன. விலைக்கு வாங்கிய பிள்ளைக்கு அதன் விலை தெரியும்.

இவற்றினும் எமக்கு விருப்பமான தொழில் பிரிமணை முறுக்குதல். வைக்கோலை நீர் தெளித்துப் பதப்படுத்தி, இருகையாலும் முறுக்கிப் பிரியாக்கி, வளையமாக வளைத்து, அதன்மேல் மற்றொரு பிரியைச் சுற்றிச் சுற்றி இறுக்குதல் வேண்டும். பார்வைக்கு எளிது, செய்தாலன்றி அருமை விளங்காது. இறுக்கம் குறைந்தாற் பானை ஒருபுறம் சாயும். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் கையால் முறுக்கிய பிரிமணையின்மேற் பொங்கற்பானை இறக்கி வைக்கப்படும்போது அவன் முகத்தைப் பார்த்தவர்க்கு, இத்தொழிலை யாம் ஏன் இத்துணை விரித்துரைக்கின்றோம் என்பது விளங்கும். பானையும் அவ்வாறே. புதுப்பானையை நீரில் ஊறவைத்து, கழுநீர் ஊற்றிக் காய்ச்சிப் பழக்கிய பின்னரே அடுப்பேற்றுவர். கழுத்தில் மஞ்சட்கொத்தும் இஞ்சிக்கொத்தும் கட்டுவர். எவர்சில்வர்ப் பானைக்கு இத்தொல்லையெல்லாம் இல்லை. ஆயின் குயவர் திகிரியருகே சென்று நின்று, தட்டி ஓசை கேட்டு, பானை தெரிந்தெடுத்து வந்த பிள்ளைக்கு, சோறு பலர் கைப்பட்டு வருவது என்பதை எடுத்துரைக்க ஆசிரியர் வேண்டா.

இனி வரலாற்றிற்கு வருவோம். இப்பள்ளத்தாக்கு பெரியாற்று நீர் வருமுன் பாலையாய்க் கிடந்தது என மேடைகளிற் பேசுதலைக் கேட்கின்றோம். அது பொருந்தாது. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இராசசிம்ம பாண்டியனது நிலக்கொடையைக் கூறும் செப்பேடு சின்னமனூரிற் கிடைத்தது. மதுரையிற் சங்கம் இருந்ததையும் பாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் குறிக்கும் அச்செப்பேட்டைத் தமிழ் பயின்றோர் நன்கறிவர். அந்நாளில் அளநாடு எனப் பெயர் பெற்ற இந்நிலம் சுருளியாற்றையும் குளங்களையும் நம்பி வேளாண்மை செய்த நாடே. ஆயினும் மழை பொய்த்த ஆண்டிற் குளமும் பொய்த்தது. தாது ஆண்டிற் பிறந்து 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் மதுரைச் சீமையை எவ்வளவு வருத்தியது என்பதை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை அண்மைக்காலம் வரை நம்மிடையே இருந்தது.

மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் வெள்ளையர்க்கு முதலில் தோன்றியதன்று. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராயச் செய்தார். பொருளின்மையால் அது கைகூடவில்லை. 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் இயலாததெனத் தள்ளினார். பின்னரும் பலர் திட்டம் வகுத்தனர். பஞ்சத்திற்குப் பின்னரே அரசாங்கம் விழித்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு உடன்படிக்கை எழுதி, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்றனர். 1887-இல் தொடங்கிய வேலை, கர்னல் ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் தலைமையில் நடந்து முடிந்து, 1895 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் இப்புறம் இறங்கியது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் கண்டது.

அணையின் காரை, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையாகும். நம் வீட்டுச் சுவரிற் பிள்ளைகள் பூசும் சுண்ணாம்பும் அணையின் உள்ளிருக்கும் சுண்ணாம்பும் ஓரினத்தனவே. யாம் வகுப்பில் இதனைக் கூறும்போது மாணவர் தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வர்.

இருபோகம் கண்ட இந்நிலத்தில் ஒரு புதுமையுண்டு. சூன் திங்களில் நீர் திறக்கப்படும் ஆண்டுகளில் முதற்போகம் ஐப்பசி கார்த்திகைக்குள் அறுவடையாகிவிடும். தை பிறக்கும்போது பல வயல்களில் நிற்பது இரண்டாம் போகத்து இளம்பயிர். ஆகவே இங்குப் பொங்கற்புத்தரிசி, அறுத்த அன்றே குத்திய அரிசியன்று. திருநாட்கென முன்னமே ஒதுக்கி வைத்த அரிசி. எடுத்து வைத்தல் என்னும் அச்செயலே பிள்ளைகட்கு ஒரு பாடம் என்போம். வீட்டில் நெல் குறைந்தபோதும் அப்பங்கைத் தொடாத தாய்மாரை யாம் அறிவோம்.

பென்னிகுயிக் 1841 சனவரி 15-ஆம் நாள் பூனாவிற் பிறந்தவர். 1911-இல் இங்கிலாந்திற் காலமானார். அவர் பிறந்தநாள் பொங்கற் காலத்தோடு ஒத்துவருதலின், பாலார்பட்டி முதலிய ஊர்களில் மக்கள் அவர் படத்தின்முன் பொங்கலிட்டு வழிபடும் வழக்கம் தோன்றியது. கீழ்முகாமில் (லோயர் கேம்ப்) 2013 சனவரி 15 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனியின் புதிய பேருந்து நிலையமும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. நீர் தந்தவனைத் தெய்வத்தோடு வைத்தெண்ணுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் வேற்று நாட்டுப் பொறியாளன் ஒருவனுக்குப் புதுப்பானை வைத்த உழவர் வேறெங்கும் உளரோ என்பது ஐயமே. இதனைப் பழிப்பார் சிலர். யாம் பழியோம்.

ஆனால் ஒன்று கூறுதல் கடமை. அணை வெள்ளத்தால் உடைந்தபோது அரசாங்கம் பணம் தர மறுத்ததாகவும், பென்னிகுயிக் தம் மனைவியின் நகைகளையும் சொத்தையும் விற்றுக் கட்டி முடித்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, நகையை விற்றது மெய்தானா?” என வினவினாள். தொடக்கக் காலத்து வேலையை வெள்ளம் அடித்துச் சென்றது மெய். ஆனால் அணை அரசாங்கச் செலவில் எழுந்தது. நகை விற்றதற்கு ஆவணச் சான்று எவரும் காட்டினாரில்லை. இதனைக் கேட்ட அச்சிறுமி, “அப்படியானால் வேறு யாருக்கு நன்றி சொல்வது?” என்றாள். வகுப்பு சிரித்தது. எமக்கு அது சிரித்தற்குரிய வினாவாகத் தோன்றவில்லை.

நன்றியைப் பயிற்றுங்கால் நாம் பெரும்பாலும் ஒருவர் பெயரைப் பிள்ளைகள் கையிற் கொடுத்துவிட்டு அமைந்துவிடுகின்றோம். அணையின் வரலாறு ஒருவர் வரலாறன்று. அடர்காட்டிற் காய்ச்சலுக்கஞ்சி ஆண்டின் சில திங்கள் வேலையையே நிறுத்த நேர்ந்தது. காய்ச்சலாலும் விபத்தாலும் மாண்ட கூலியாளர் பலர். அணையின் அருகே கல்லறைகள் உள்ளன. அவருட் பெரும்பாலோர் பெயர் எக்கல்லிலும் இல்லை. மலையேற்றத்திற் பண்டம் இழுத்த மாடுகள் எத்தனையோ! குத்தகைக்கு விடப்பட்ட நிலமும் காடும் மலைக்கு அப்பாலுள்ள மக்களுடையன. அவர்க்கும் இவ்வணையைக் குறித்து அச்சமும் வழக்கும் உண்டு. நகைக் கதையை நீக்கினாற் பென்னிகுயிக்கின் பெருமை குறையுமோ என அஞ்சுவார்க்கு ஒன்று சொல்வோம்: 1882-இல் திட்டம் வகுத்தது முதல் 1895-இல் நீர் வந்தது வரை பதின்மூன்று ஆண்டு ஒரே கருமத்தின்மேற் கண்ணாயிருந்தவர்க்கு வேறு அணிகலன் வேண்டா.

ஈகையைப் பற்றியும் சிறிது கூறுவோம். திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓரதிகாரமும் ஈகை என மற்றோரதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு வேண்டா. இந்த வேறுபாட்டை நம் களத்துமேடு நன்கறிந்திருந்தது. நெல் தூற்றி முடிந்தவுடன், வீட்டிற்கு ஒரு மரக்கால் செல்லுமுன், குயவர், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், நீர் பாய்ச்சுவார், காவல் காப்பார் ஆகியோர்க்குரிய பங்கு அளக்கப்பட்டது. அதற்குச் சுதந்திரம் என்பது பெயர். உரிமைப்பங்கு என்பதே அதன் பொருள். ஆண்டு முழுதும் செய்த வேலைக்குரிய கூலி அது, பிச்சையன்று. ஆயின் அவ்வுரிமைப்பங்கையே பொங்கல் நாளில் தருமம் செய்வதுபோல் நீட்டியவரும், வாங்க வந்தவரை முன்வாயிலில் வரவொட்டாது புறத்தே நிறுத்தியவரும் நம் சமூகத்திலும் இருந்தனர் என்பதை மறைத்தற்கில்லை. அதனைப் பார்த்து நின்ற பிள்ளை ஈகை கற்றதா, இறுமாப்புக் கற்றதா? நம் சங்கத்துப் பெரியோர் சினவாது எண்ணிப்பார்க்க வேண்டுகின்றோம். சுதந்திர முறை இந்நாளில் மறைந்தது, கூலி காசாயிற்று. ஆதலின் இனிப் பொங்கலன்று அயலார்க்குக் கொடுப்பது உண்மையாகவே கொடையாகும். அதனைப் பிள்ளைகள் கையில் தூக்குச்சட்டியோடு கொடுத்து, தெருவேறுபாடு பாராது, பானை செய்தவர் வீட்டிற்கும் கயிறு திரித்தவர் வீட்டிற்கும் நேரே சென்று முன்வாயிலில் நின்று கொடுத்துவரச் செய்தல் தக்கது. அங்கிருந்து அவர் தரும் கரும்பையோ பண்டத்தையோ பிள்ளை உண்டு வருதலும் வேண்டும். வாங்கத் தெரியாதவன் கொடுத்தல் அரைக்கொடையே.

மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பு சீவிக் காவி தீட்டலும், பழைய மூக்கணாங்கயிற்றை நீக்கிப் புதியது பூட்டலும் ஆண்பிள்ளைகட்குரிய வேலையாய் இருந்தன. உழவுந்து வந்தபின் மாடில்லா வீடுகள் பெருகின. அவ்வீட்டுப் பிள்ளைகளும் கம்பத்திலுள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவைக் காணலாம். கன்னட நாட்டினின்று வந்து குடியேறிய மக்கள் போற்றிவரும் இத்தொழுவிற் சிலை வழிபாடு இல்லை, பட்டத்துக்காளையே வணங்கப்படுவது. தைப்பொங்கற் காலத்துப் பிறந்த கன்றுகளைச் சுற்றூர் உழவர் தமக்கென வைத்துக்கொள்ளாது இத்தொழுவிற்குக் கொடுத்துவிடுகின்றனர். மாட்டுப்பொங்கலன்று மக்கள் கரும்பும் பழமும் புல்லும் சுமந்து வந்து மாடுகட்கு ஊட்டுவர். கொடுப்பவர் இன்ன குலத்தார் என்று மாடு கேட்பதில்லை.

இவ்வாண்டு நம் சங்கத்தின் கிளைகள் சிறார்க்கு நடத்தும் கோலப்போட்டி, பாட்டுப்போட்டிகளோடு பிரிமணை முறுக்குதலையும் சேர்த்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுள்ளோம். சிறுமியரையும் அதில் விடுதல் வேண்டும். முறுக்கிய பிரிமணையைப் போட்டி முடிந்ததும் குப்பையில் எறியாது, பொங்கலன்று பானை இறக்கி வைத்தற்குப் பிள்ளைகள் தத்தம் வீட்டிற்கு எடுத்துச் செல்லட்டும். நடுவராக இருத்தற்கு ஊர்தோறும் முதிய பெண்டிர் ஒருவரை அழைத்தல் நன்று. வைக்கோலுக்கு யாம் பொறுப்பு.