சென்னையில் இக்பால் எழுப்பிய வினா



தர்மபுரியில் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், "ஹஸ்ரத், கண்ணால் காணாத இறைவனை அறிவால் அறிய முடியுமா?" என்று வினவினார். இதே வினா 1929 ஜனவரியில் சென்னையில் ஆராயப்பட்டது. சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பை ஏற்று அங்கு வந்த அல்லாமா இக்பால், அறிவும் சமய அனுபவமும் குறித்து ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றினார். ஜெர்மனியின் மூனிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட், 1781இல் வெளியிட்ட நூலில் அறிவுக்கு ஓர் எல்லை வகுத்தார். இடம், காலம், காரண காரியம் ஆகிய சட்டங்களின் வழியாகவே மனம் பொருள்களை அறிகிறது. பொருளின் உண்மை இயல்பு நமக்கு எட்டாது என்றார். ஆகவே, இறைவனைப் பகுத்தறிவால் நிறுவ இயலாது. ஒழுக்க வாழ்வு வேண்டி நிற்கும் நம்பிக்கையாகவே அவனை ஏற்கலாம் என்பது அவர் முடிவு. பின்வந்த ஹெகல் இவ்வெல்லையை ஏற்கவில்லை. மெய்ம்மையே அறிவின் இயல்புடையது என்றார் அவர்.

காண்டுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இத்தகைய ஐயத்தில் ஆழ்ந்தார்கள். அசையாததாகத் தோன்றும் நிழல் நகர்வதையும், காசளவாகத் தெரியும் விண்மீன் பூமியினும் பெரிது என்பதையும் எண்ணினார்கள். புலன்களின் பிழையை அறிவு திருத்துகிறது. அறிவின் பிழையைத் திருத்துவது எது? 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா ஆசிரியப் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். ஆன்மிக அனுபவத்தில் தெளிவு கண்டார்கள்.

இக்பால் இவ்விருவரையும் அருகருகே நிறுத்தினார். வறட்டுப் பகுத்தறிவின் செருக்கை இருவருமே அடக்கினர். ஆயினும் காண்ட் தம் கொள்கைப்படி இறைவனை அறியும் வழியைக் காணவில்லை, இமாமவர்கள் கண்டார்கள் என்றார். அத்துடன் நில்லாது, சிந்தனையையும் உள்ளுணர்வையும் இமாமவர்கள் பிரித்துவிட்டார்கள் என்றும் குறை கூறினார். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை; அறிய முற்படும்போதே சிந்தனை தன் எல்லையைக் கடக்கிறது என்பது அவர் கருத்து.

இக்பாலின் முடிவுகள் அனைத்தையும் ஆலிம்கள் ஏற்றதில்லை. நாமும் ஆராய்ந்தே ஏற்போம். ஆனால் பள்ளிக்கூடத்தில் அறிவியலும் மதரஸாவில் மார்க்கமும் பயிலும் பிள்ளைக்கு அவ்விரண்டும் பகையல்ல என்று நாம் உணர்த்தியாக வேண்டும். வினா எழுப்புவது ஈமானின் குறையன்று. அதட்டி அடக்கினால், பிள்ளை வேறிடத்தில் விடை தேடும். அம்மாணவரை அருகில் அமர்த்தி, கஸ்ஸாலி இமாமின் நிழலிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.