ஊதுகண்ணாடிக் கலம்

உருகிய கண்ணாடியை ஊதுகுழல் முனையில் திரட்டி ஊதிச் செய்யும் கிண்ணம், குவளை, கூஜா முதலியன. கி.மு. 1-ஆம் நூற்றாண்டளவில் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் தோன்றிய நுட்பம். இந்தியாவில் ஃபிரோசாபாத் இதன் பெரிய மையம். இலங்கையில் நாத்தாண்டியாவின் சிலிக்கா மணல் கண்ணாடித் தொழிலின் மூலப்பொருள்.

குமிழி ஊதப் பழகியவருக்கு அடுத்த சோதனை, விளிம்பு. கலத்தின் அடியில் இரும்புக்கோலை ஒட்டி, குழலைப் பிரித்தெடுத்து, வாயை மறுபடி சூடாக்கி இடுக்கியால் விரிக்க வேண்டும். கோலை உருட்டுவது சற்று நின்றாலும் வாய் கோணிவிடும். சுவர் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் ஆறும்போது விரிசல் விடும். ஆகவே சுமார் 500 பாகை செல்சியஸ் சூளையில் வைத்துப் படிப்படியாக ஆற்றுவர். பார்வைக்கு அழகான குவளை எளிது. சொட்டாமல் ஊற்றும் கூஜா மூக்குத்தான் கைத்திறனைக் காட்டிக்கொடுக்கும்.